கடைசி வரிக்குக் கீழே ஒரு கோடு

வணக்கம் நேயர்களே. ஊர் அமைப்புகளைப் பலப்படுத்துவது பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். அமைப்பு என்றதும் பெரிதாக எதையும் நினைக்க வேண்டாம். உங்கள் தெரு மகளிர் குழு, இளைஞர் நற்பணி மன்றம், ஏரிப் பாசன சங்கம், பள்ளி மேலாண்மைக் குழு, இவைதான். இருபது வருஷமாக இவர்களோடு அலைகிறேன். அதிலிருந்து இன்றைக்கு ஒரே ஒரு பொருளைப் பற்றித்தான் பேசப் போகிறேன். நோட்டு. கூட்டம் முடிந்ததும் எழுதுகிறார்களே, அந்தத் தீர்மான நோட்டு.

நம் மாநிலத்தில் மகளிர் குழுக்கள் 1989இல் தருமபுரியில் தொடங்கின. சேமிப்பு, கடன் என்றுதான் எல்லோரும் பேசுகிறோம், ஆனால் குழு கூடுகிற பாயில் உட்கார்ந்து பார்த்தால் வேறொன்றும் நடக்கும். யார் எவ்வளவு கட்டினார்கள், யாருக்குக் கடன் போனது, பெட்டியில் மீதி என்ன என்று ஒருவர் சத்தமாக வாசிப்பார், மற்றவர்கள் விரல் விட்டு எண்ணுவார்கள், பத்து ரூபாய் குறைந்தாலும் "நில்லு, திரும்பப் படி" என்று ஒரு குரல் வரும். பக்கத்து வீட்டுக்காரியிடமே கணக்குக் கேட்கலாம், அதனால் பகை வராது என்று அங்கேதான் பழகுகிறார்கள். இந்தப் பழக்கம் பெரிய சொத்து.

நான் பார்த்த ஒரு கிராம சபையைச் சொல்கிறேன், ஊர்ப் பெயர் வேண்டாம். மே 1, நல்ல வெயில், பள்ளிக்கூட வராந்தா. ஐந்நூறு பேருக்குள் உள்ள ஊர் என்றால் ஐம்பது பேர் வர வேண்டும், மூவாயிரம் வரை நூறு பேர் என்று கணக்கு இருக்கிறது இல்லையா, அதற்காக நோட்டைச் சுற்றுக்கு விட்டார்கள். எல்லோரும் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தார்கள். ஒரு அம்மாவிடம் வந்ததும் நின்றுவிட்டது. குழுவில் பல வருஷம் கணக்கு எழுதியவர். பக்கத்தைப் புரட்டினார், தீர்மானம் இருக்க வேண்டிய இடம் காலி. "தம்பி, முதல்ல எழுதி வாசிங்கப்பா, அப்புறம் போடுறோம்" என்றார். கோபமே இல்லை, குழுவில் சொல்கிற மாதிரியேதான் சொன்னார். எப்பவும் இப்படித்தானே என்று பதில் வந்தது. அவருக்குப் பின்னால் இருந்த பெண்கள் பேனாவை வாங்கவே இல்லை. அப்புறம் என்ன, வாய்க்கால் தூர்வாருவது, தெருவிளக்கு, குடிநீர்த் தொட்டி என்று ஒவ்வொன்றாக எழுதி வாசித்தார்கள். முடிந்ததும் அந்த அம்மா எழுந்து போய், கடைசி வரிக்குக் கீழே ஒரு கோடு போடச் சொன்னார். பிறகு யாரும் எதையும் சேர்த்து எழுதிவிடக் கூடாது அல்லவா, குழு நோட்டில் அப்படித்தான் போடுவார்கள். கோடு விழுந்த பிறகு கையெழுத்துப் போட்டார்.

அந்தத் துணிச்சலை யாரும் ஒருநாள் பயிற்சி வைத்துக் கொடுக்கவில்லை, வாராவாரம் பாயில் உட்கார்ந்ததில் வந்தது. அதனால்தான் திரும்பத் திரும்ப நோட்டு, நோட்டு என்கிறேன். பல தொண்டு நிறுவனங்கள் நல்ல மனசோடு வந்து, குழுவின் நோட்டைத் தங்கள் களப்பணியாளரையே எழுத வைக்கின்றன. எழுத்து அழகாக இருக்கும், அறிக்கையும் நேரத்துக்குப் போய்ச் சேரும். மூன்று வருஷத்தில் திட்டம் முடியும், களப்பணியாளர் போவார், அடுத்த மாதம் எழுத ஆளில்லாமல் குழு கலையும். இப்படிக் கலைந்த குழுக்களைப் பார்த்து எனக்கு ஆறவே இல்லை. கோணல் எழுத்தானாலும், கூட்டலில் தப்பு வந்தாலும் அவர்களே எழுதட்டும். எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்குப் போகிற பிள்ளை எழுதட்டும், ஆனால் எழுதியதை அங்கேயே சத்தமாக வாசிக்கட்டும். நோட்டு ஊரிலேயே இருக்க வேண்டும்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். சங்கத்தைப் பதிவு செய்வது பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன். சரி, சுருக்கமாக: 1975ஆம் வருஷச் சங்கப் பதிவுச் சட்டத்தில் குறைந்தது ஏழு பேர் வேண்டும், பதிவோடு விட்டுவிடாமல் ஆண்டுக் கூட்டமும் வரவு செலவும் தவறாமல் காட்ட வேண்டும். இளைஞர் மன்றங்களைப் பற்றிப் பேச முடியவில்லை, மன்னியுங்கள்.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இவற்றோடு 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1. வருஷத்தில் ஆறு கிராம சபை. அடுத்து வருவதற்குத் தனியாகப் போகாதீர்கள், குழுவோடு போங்கள். கையெழுத்துக்கு நோட்டு வந்தால் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். வணக்கம்.