முதலில் எது இல்லை என்று பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கப் பள்ளிகளில் 'சயின்ஸ் ஒலிம்பியாட்' என்றொரு போட்டி 1984-லிருந்து நடந்து வருகிறது. அதில் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 'கிரைம் பஸ்டர்ஸ்' என்றும், உயர்நிலைப் பள்ளியில் படிப்பவர்களுக்கு 'ஃபாரன்சிக்ஸ்' என்றும் தடய அறிவியல் பிரிவுகள் உண்டு. நான் வேதியியல் படித்தவன். இந்தப் பிரிவுகளுக்குத் தயாராகும் பிள்ளைகளோடு வாரக் கடைசியில் உட்காருவது எனக்குப் பிடித்த வேலை.

இருவர் ஓர் அணி. ஐம்பது நிமிடம். கையில் ஒரு கற்பனைக் குற்றக் கதையைக் கொடுப்பார்கள். அதில் சந்தேகத்துக்குரிய ஆட்கள் சிலர் இருப்பார்கள். மேசைமேல் வெள்ளைப் பொடிகள், உலோகத் துண்டுகள், சின்னக் குப்பிகளில் திரவங்கள், நகம் அளவு பிளாஸ்டிக் துண்டுகள். எல்லாவற்றையும் இனங்கண்டு, யார் செய்திருக்கலாம், ஏன் அப்படிச் சொல்கிறீர்கள் என்று கடைசியில் எழுத வேண்டும். இன்றைக்குத் திரவத்தையும் பிளாஸ்டிக்கையும் மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பொடிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நேரம் போதாது.

பெரும்பாலான பிள்ளைகள் ஒரு பெரிய அட்டவணையை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். குப்பியைக் கையில் எடுத்ததும் "இது என்ன?" என்று கேட்கிறார்கள். என் கட்சி வேறு. "இது எது இல்லை?" என்று கேளுங்கள் என்பேன். எந்த இரண்டு பொருள்கள் ஒன்றுபோல் இருந்து ஆளை ஏமாற்றும் என்று தெரிந்துகொண்டால், அந்த இரண்டையும் பிரிக்கும் சோதனை எது என்பதை மட்டும் யோசித்தால் போதும்.

திரவத்தில் வழக்கமாக வருபவை: தண்ணீர், வினிகர், எலுமிச்சைச் சாறு, வீட்டு உபயோக அம்மோனியா, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, மருந்துக்கடை ரப்பிங் ஆல்கஹால். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் மாறும். அந்தந்த வருடத்து விதியைப் படித்துவிடுங்கள். குப்பிக்கு மேல் கையை வீசி வாசனையைத் தன் பக்கம் கொண்டுவந்தாலே அம்மோனியாவும் வினிகரும் ஆல்கஹாலும் தம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். குப்பியை மூக்குக்கு நேராகப் பிடித்து இழுக்கக் கூடாது, அது வேறு. எலுமிச்சைச் சாறு கலங்கலாக இருக்கும். காயவிட்டால் பிசுபிசுப்பாக ஏதாவது தங்கும். வெள்ளை வினிகர் அப்படியே ஆவியாகிப் போய்விடும்.

சரி, மீதி இரண்டு? தண்ணீரும் பெராக்சைடும். இங்கேதான் அணிகள் தடுமாறும். இரண்டுக்கும் நிறம் கிடையாது, சொல்லிக்கொள்ளும்படி வாசனையும் கிடையாது. அமிலமா காரமா என்று நிறத்தால் காட்டும் பி.எச். தாளை நனைத்துப் பார்ப்பார்கள். கடையில் விற்கும் பெராக்சைடு கெடாமல் இருப்பதற்காகச் சற்று அமிலமாகவே வைக்கப்பட்டிருக்கும். ஆனால் காலையிலிருந்து திறந்து கிடக்கும் காய்ச்சி வடித்த தண்ணீரும் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொண்டு லேசாக அமிலமாகியிருக்கும். தாளில் இரண்டுமே மங்கலாக ஏதோ ஒரு நிறம் காட்டும். அதை வைத்து முடிவெடுப்பது சூதாட்டம்.

மேசையில் பக்கத்து வரிசையில் இருக்கும் பொடிகளைப் பாருங்கள். அவற்றில் ஈஸ்ட் இருந்தால், அதில் ஒரு சிட்டிகையைச் சோதனைத் தட்டின் ஒரு குழியில் போட்டு, சந்தேகத் திரவத்தை இரண்டு சொட்டு விடுங்கள். பெராக்சைடு என்றால் சில நொடிகளில் நுரை பொங்கும். ஈஸ்டில் இருக்கும் கேட்டலேஸ் என்ற நொதி பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கிறது. தண்ணீரில் ஈஸ்ட் சும்மா ஊறிக் கிடக்கும். ஆனால் நுரையைப் பார்த்ததும் துள்ளிக் குதிக்கக் கூடாது. அந்த ஈஸ்டோடு ஆப்பசோடா கொஞ்சம் கலந்திருந்தால் வினிகரும் நுரைக்கும். அது கார்பன் டை ஆக்சைடு. பொடிக் குப்பிகளில் சில நேரம் இரண்டைக் கலந்தே வைப்பார்கள். அதனால் "நுரைத்தது" என்று மட்டும் எழுதுங்கள். எது நுரைத்தது என்பதை மற்ற சோதனைகளையும் சேர்த்து வைத்து முடிவுசெய்யுங்கள்.

ஆல்கஹாலில் சந்தேகம் இருந்தால் ஒரு பிளாஸ்டிக் தகட்டில் ஒரு சொட்டு விடுங்கள். தண்ணீர்ச் சொட்டு குவிந்து நிற்கும். ஆல்கஹால் சொட்டு பரவி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்துவிடும். தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசை ஆல்கஹாலைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு.

இப்போது பிளாஸ்டிக். எந்த வகை பிளாஸ்டிக் என்று காட்ட, டப்பாவின் அடியில் இருக்கும் முக்கோணத்துக்குள் எண் போடும் வழக்கம் 1988-ல் வந்தது. போட்டியில் தரும் துண்டில் அந்த எண் இருக்காது. ஆகவே அடர்த்திதான் கதி. தண்ணீரின் அடர்த்தி 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். பாலிபுரொப்பிலீன் 0.90, எல்டிபிஇ (குறைந்த அடர்த்திப் பாலிஎத்திலீன்) 0.92, ஹெச்டிபிஇ (உயர் அடர்த்திப் பாலிஎத்திலீன்) 0.95: இந்த மூன்றும் தண்ணீரில் மிதக்கும். பாலிஸ்டைரீன் 1.05, தண்ணீரில் மூழ்கி, பத்து சதவீத உப்புக் கரைசலில் மிதக்கும். பெட் (தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்) வகையும் பி.வி.சி.யும் (குழாய் பிளாஸ்டிக்) 1.3-க்கு மேல், உப்பு எவ்வளவு போட்டாலும் மிதக்காது, ஏனென்றால் உப்புக் கரைசல் 1.2-க்கு மேல் போகாது.

மிதக்கும் மூன்றில் ஹெச்டிபிஇயைத் தனியே எடுக்க, ஆல்கஹாலையும் தண்ணீரையும் ஏறக்குறையச் சரிபாதி கலந்த கரைசல் உதவும். அதன் அடர்த்தி 0.93-க்குப் பக்கம். அதில் ஹெச்டிபிஇ மூழ்கும், மற்ற இரண்டும் மிதக்கும். ஒரு நுணுக்கம்: அந்தக் கோப்பை திறந்தே இருந்தால் ஆல்கஹால் முந்திக்கொண்டு ஆவியாகும், கரைசல் கனத்துக்கொண்டே போகும். போட்டியின் தொடக்கத்தில் மூழ்கிய துண்டு கடைசியில் ஊசலாடினால் ஆச்சரியப்படாதீர்கள். ஆல்கஹால் கோப்பையில் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிடுங்கள்.

இதைவிட அதிகமாக ஏமாற்றுவது காற்றுக் குமிழி. கத்தரிக்கோலால் வெட்டிய துண்டின் ஓரம் சொரசொரப்பாக இருக்கும். கடுகில் பாதி அளவுகூட இல்லாத குமிழிகள் அங்கே ஒட்டிக்கொண்டு, மூழ்க வேண்டிய பாலிஸ்டைரீனை மிதக்கவிடும். இடுக்கியால் துண்டை அடிவரைக்கும் அழுத்தி, கோப்பையின் சுவரில் இரண்டு தட்டுத் தட்டி, பிறகு விடுங்கள். அடுத்த கோப்பைக்குப் போகுமுன் துண்டைத் துடையுங்கள். இல்லாவிட்டால் உப்புத் தண்ணீர் ஆல்கஹாலுக்குள் போய்ச் சேரும். பிறகு நீங்களே செய்யும் சோதனைகள் எல்லாம் கெடும்.

பெட்டா, பி.வி.சி.யா? இங்கே அடர்த்தி கைவிட்டுவிடும். மாணவர்கள் பிளாஸ்டிக்கை எரிக்க அனுமதி இல்லை. ஆனால் எரித்தால் என்ன ஆகும் என்ற விவரத்தையோ படத்தையோ தருவதுண்டு. சூடான செம்புக் கம்பியில் துண்டைத் தொட்டு தீயில் காட்டியபோது பச்சைச் சுவாலை வந்தது என்று இருந்தால் அது பி.வி.சி. அதிலுள்ள குளோரின்தான் செம்போடு சேர்ந்து பச்சை காட்டுகிறது.

எனக்குப் பிடித்த தந்திரம் ஒன்று. பிளாஸ்டிக்கை இனங்காணத் திரவம் உதவுகிறது அல்லவா, திருப்பியும் செய்யலாம். பாலிபுரொப்பிலீன் என்று உறுதியாகத் தெரிந்த துண்டு ஒன்று இருந்தால், அது தண்ணீரில் மிதக்கும், எழுபது சதவீத ரப்பிங் ஆல்கஹாலில் மூழ்கும். சளியால் மூக்கடைத்த பிள்ளைக்கும் இது வேலை செய்யும்.

வீட்டில் பயிற்சி செய்கிறவர்கள் குப்பிக்கு எண் மட்டும் ஒட்டி, விடையை வேறொருவரிடம் கொடுத்து வையுங்கள். கண்ணுக்குப் பக்கவாட்டில் சாரல் புகாத பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். போட்டியிலும் அது இல்லாமல் மேசைக்குப் போக முடியாது. வீட்டில் ப்ளீச் இருந்தால் அதை இந்த வரிசையில் சேர்க்கவே வேண்டாம். ப்ளீச் அம்மோனியாவோடு சேர்ந்தால் குளோரமீன், வினிகரோடு சேர்ந்தால் குளோரின். இரண்டுமே நச்சு வாயு.

கடைசியாக, அந்த எழுத்து வேலை. "சம்பவ இடத்தில் ஹெச்டிபிஇ துண்டு கிடந்தது, இவர் வீட்டில் பால் கேன் இருக்கிறது, ஆகவே இவர்தான்" என்று எழுதுகிறார்கள். அமெரிக்காவில் பால் கேன் பெரும்பாலும் ஹெச்டிபிஇ. அது இல்லாத வீட்டைத் தேட வேண்டும். அந்தத் துண்டு அவரோடு ஒத்துப்போகிறது என்பதற்குமேல் அதைக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. அதே துண்டு தண்ணீரில் மூழ்கியிருந்தால், அது ஹெச்டிபிஇ பால் கேனிலிருந்து வரவில்லை என்று துணிந்து எழுதலாம். ஆகவே சந்தேக ஆட்களில் யார் யாரை எந்தச் சோதனை விலக்குகிறது என்று முதலில் எழுதுங்கள். மிஞ்சியவர் பெயரை அதற்குப் பிறகு. இதற்குக் கடைசிப் பத்து நிமிடத்தை ஒதுக்கிவிடுங்கள், ஒரு குப்பி பாக்கி இருந்தாலும் பரவாயில்லை.

வணக்கம்.