பத்திரம் பீரோவில், ஜெராக்ஸ் கையில்

நேயர்களுக்கு வணக்கம். பெங்களூரில் பல வருடமாகக் கல்யாண வீடியோ எடுத்து, எடிட் செய்து பிழைக்கிறவன் நான். கேமரா கோப்புகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். முதலில் ஒரு கல்யாணக் கதை.

4கே கேமரா வாங்கிய புதிது. அல்சூரில் கல்யாணம். பெண்ணின் அப்பா பேங்கில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எடிட்டிங்கைப் பார்க்க வேண்டும் என்று என் அறைக்கே வந்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். தாலி கட்டும் இடம் வந்தது. மாப்பிள்ளையின் கை தாலியோடு போகிறது, அப்படியே நிற்கிறது. கெட்டிமேளம் மட்டும் கொட்டுகிறது, படம் நகரவில்லை. திடீரென்று ஒரு தாவல், நாத்தனார் மூன்றாவது முடிச்சைப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

"தம்பி, நடுவில ரெண்டு முடிச்சைக் காணோமே?"

"எல்லாம் இருக்கு சார், கம்ப்யூட்டர்தான் திணறுது."

அவர் நம்பவில்லை. மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும். நான் எஸ்.பி. ரோடுக்கு ஓடிக் கம்ப்யூட்டருக்குக் கூடுதல் ராம் மெமரி வாங்கிப் போட்டேன். அடுத்த வாரம் கிராபிக்ஸ் கார்டு. அந்த மாத வாடகைக் காசு அதில் போயிற்று. கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான்.

கோப்பு பெரிது, அதனால் திணறுகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். விநாடிக்கு 100 மெகாபிட் என்று கேமரா பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. பெரிதுதான். ஆனால் 4கேயில், விநாடிக்கு 30 படம் என்ற கணக்கில், எடிட்டிங்குக்கென்றே இருக்கும் பிராரெஸ் 422 வகைக் கோப்பு மணிக்கு 200 ஜிபியைத் தாண்டும். அது அடைக்கும் இடம் நாலு மடங்குக்கும் மேல், ஆனாலும் வேகமான எஸ்.எஸ்.டி. டிஸ்கில் வைத்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். வினை அளவில் இல்லை, சுருக்குகிற முறையில் இருக்கிறது.

எச்.264, எச்.265 என்று கேமராக்களில் வழக்கமாக இருக்கும் சுருக்கு முறைகளில், பெரும்பாலும் கேமரா ஒரு படத்தை முழுசாக எழுதிவிட்டு, அடுத்து வரும் பல படங்களுக்கு என்ன மாறியது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறது. இதைச் சொன்னதும் காசாளர் சிரித்தார். "ஓப்பனிங் பேலன்ஸ் ஒரு இடத்தில, மிச்சமெல்லாம் வரவு செலவுதான்னு சொல்லு." அதேதான். நடுவில் ஒரு நாளின் இருப்பு வேண்டுமென்றால் முதலிலிருந்து கூட்டிக்கொண்டு வர வேண்டும். எடிட்டிங் திரையில் படங்கள் வரிசையாக நிற்கும் டைம்லைனில் நாம் முன்னும் பின்னும் இழுக்க இழுக்கக் கம்ப்யூட்டர் கூட்டிக்கொண்டே இருக்கிறது. பிராரெஸில் ஒவ்வொரு படமும் முழு இருப்பு. செல்போன் வீடியோவும் பெரும்பாலும் முதல் வகைதான், கேமராக்காரர்களுக்கு மட்டும் வந்த தொல்லை என்று நினைக்காதீர்கள்.

இதற்கு வழி ப்ராக்ஸி. நிலப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது ஆபீஸ் ஆபீஸாக அலைவார்களா? அது பீரோவில் இருக்கும், ஜெராக்ஸ்தான் அலையும். அதுபோல எடிட் செய்ய மட்டும் சின்ன நகல்: 4கேயை விடச் சின்னதான 1080 பட அளவில், பிராரெஸ் ப்ராக்ஸி வகையில். மணிக்கு ஏறக்குறைய 20 ஜிபி. டாவின்சி ரிசால்வ், பிரீமியர் என்ற எடிட்டிங் மென்பொருள்கள் இரண்டிலும் இதற்கு வசதி உண்டு. ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் தயார். வெட்டுவது, ஒட்டுவதெல்லாம் ஜெராக்ஸில். கடைசியில் படத்தை வெளியே எடுக்கும்போது மட்டும் அசலுக்கு மாற வேண்டும். மறுபடி சொல்கிறேன், கடைசியில் அசல். ஒரு தடவை நான் மறந்து, குடும்பமே மங்கலாக வந்தது, அதை விடுங்கள். இன்னொன்று, நடுவில் அசலின் பெயரை மாற்றாதீர்கள். மாற்றினால் அசலும் நகலும் ஒன்றையொன்று தேடிக்கொண்டு அலையும்.

அந்தக் காசாளர் ப்ராக்ஸியில் தாலி கட்டுவதை நாலு தடவை பார்த்தார். மூன்று முடிச்சும் இருந்தது. அதற்குப் பிறகு வரவில்லை, ஒரு கிலோ மைசூர்பாகு மட்டும் வந்தது.

அப்புறம் பிரதி எடுப்பது. அதைத்தான் விரிவாகப் பேச நினைத்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். சரி, வேகமாக. கேமராவின் மெமரி கார்டிலிருந்து வீடியோ கிளிப்பை மட்டும் பொறுக்காமல் முழு ஃபோல்டரையும் எடுங்கள். இரண்டு ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, திறந்து பார்த்த பிறகுதான் கார்டை அழிக்க வேண்டும். இரண்டாவது டிஸ்க் வேறு வீட்டில் இருக்கட்டும். என்னுடையது ஜெயநகரில் மச்சினர் வீட்டு அலமாரியில் இருக்கிறது, அது ஏன் அங்கே போனது என்றால்... ஒரு விரலாகிவிட்டது. வணக்கம்.