சந்தேகங்களுக்கு விளக்கம்: மாடு போனபிறகும் அபிலீன் எப்படி நின்றது?

டெக்சஸ்லேர்ந்து கன்சாஸ் ரயிலடிக்கு மாட்டு மந்தை ஓட்டிவந்த சிஷோம் பாதை பத்தின வீடியோவுக்குக் கீழ ஒருத்தர் கேட்டிருக்கார்: "கன்சாஸ்ல இருக்கிற அபிலீன் மாட்டு வியாபாரத்துக்காகவே உருவான ஊர்தானே? வியாபாரம் அஞ்சே வருஷத்துல போயிடுச்சு. அப்புறமும் ஊர் அழியலையே, அது ஹிக்காக் பேராலயா?"

இல்லைங்க. துப்பாக்கி வீரர்னு பேர்போன வைல்ட் பில் ஹிக்காக் அங்க மார்ஷலா, அதாவது ஊர்க் காவல் தலைவரா இருந்தது 1871 ஏப்ரல்லேர்ந்து டிசம்பர் வரைக்கும்தான். எட்டு மாசம்! சினிமாக்காரங்களுக்கு அது போதும், ஒரு ஊருக்குப் போதாது.

வருஷத்தைப் பாருங்க. 1857ல டிமோதி ஹெர்சி மட் கிரீக் ஓடைக்கரையில குடியேறினார். 1860ல சார்ல்ஸ் தாம்சன் மனை பிரிச்சு லேஅவுட் போட்டார். 1861ல டிக்கின்சன் கவுண்டிக்கு (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) எது தலைமையிடம்னு போட்டி. நியூபோர்ட், யூனியன் சிட்டி, ஸ்மோக்கி ஹில்னு மூணு ஊர் எதிர்ல நின்னுச்சு, அபிலீன் ஜெயிச்சது. முதல் மாட்டு ரயில் 1867ல. அப்போ தலைமையிடம் ஆகி ஆறு வருஷம் ஆச்சு. நான் திரும்பத் திரும்பச் சொல்றது இதைத்தான்: பத்திரப்பதிவு, வரி, கோர்ட் மூணும் எங்க இருக்கோ, கவுண்டியில நிலம் வாங்கினவன் அங்க வந்தே ஆகணும். மாட்டுக்காரன் வந்தாலும் வரலேன்னாலும் அந்த வேலை நடந்துக்கிட்டே இருக்கும்.

அதுக்காகப் பெரிய ஊர்னு நினைச்சுடாதீங்க. 1867ல ஜோசப் மெக்காய்ங்கிற மாட்டு வியாபாரி வந்தப்போ ஒரு டஜன் மரக்கட்டைக் குடிசை, முக்கால்வாசிக்கு மேல மண்கூரை. அங்க சாராயக்கடை வெச்சிருந்தவர் புல்வெளி அணிலைப் பிடிச்சு வளர்த்து, வெளியூர்க்காரங்களுக்கு வேடிக்கைப் பொருளா வித்திருக்கார்.

அப்படிப்பட்ட ஊரை மெக்காய் ஏன் தேர்ந்தெடுத்தார்? ஜங்ஷன் சிட்டியில நிலத்துக்கு அநியாய விலை சொன்னாங்க. சாலமன், சலைனா ரெண்டு ஊரும் இந்தத் தொழிலே வேண்டாம்னுடுச்சு. அபிலீன்ல தண்ணி, புல்லு, ஆளில்லாத வெளி எல்லாம் இருந்தது. மிசௌரி மாநிலத்து ஹானிபல்லேர்ந்து பைன் மரம் வரவழைச்சு, ரெண்டு மாசத்துல 3,000 மாடு அடையிற பட்டி, எடைமேடை எல்லாம் போட்டார். செப்டம்பர் 5ஆம் தேதி 20 பெட்டியோட முதல் ரயில் சிகாகோவுக்குக் கிளம்புச்சு. பெட்டிக்குச் சுமார் 20 மாடு. நெருக்கமா ஏத்தணும், இடம் விட்டா மாடு சாயும். ஒண்ணு படுத்துட்டா மத்தது மிதிச்சே கொன்னுடும். அதனாலதான் நிக்கிற ஸ்டேஷன்ல எல்லாம் நீளக்கோலால குத்திக் குத்தி எழுப்புவாங்க.

இனிமேதான் நீங்க கேட்டிருக்க வேண்டிய கேள்வி: மாடு ஏன் போச்சு? துப்பாக்கிக்குப் பயந்து இல்ல, உண்ணிக்குப் பயந்து.

டெக்சஸ் மாடு பார்க்க நல்லாத்தான் இருக்கும். குட்டியிலயே நோய் வந்து ஆறினதால அதுக்கு எதிர்ப்பு உண்டு. ஆனா ரத்தத்துல கிருமி, தோல்ல உண்ணி. ரத்தம் குடிச்சு உப்பின பெண் உண்ணி தரையில விழுந்து ஆயிரக்கணக்குல முட்டை போட்டுட்டுச் செத்துடும். வெயில் காலத்துல சில வாரத்துல குஞ்சு பொரிஞ்சு புல் நுனியில ஏறும். அங்க மேயிற உள்ளூர் பசுவுக்குக் காய்ச்சல், சிவப்பு மூத்திரம், சாவு. இதுக்குள்ள மந்தை கடந்துபோய் மாசத்துக்கு மேல ஆகியிருக்கும். விவசாயி யாரைக் குத்தம் சொல்லுவான்? உறைபனி விழுந்தா உண்ணி சாகும். அதனால குளிர்காலத்தை வடக்கேயே கழிச்ச மாட்டால ஆபத்து இல்லேன்னு அனுபவத்துல தெரிஞ்சுக்கிட்டாங்க. உண்ணிதான் காரணம்னு ஆராய்ச்சியாளர்கள் தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் நிரூபிச்சு வெளியிட்டது 1893ல.

இந்த நோய்க்குப் பயந்து 1867லயே கன்சாஸ்ல டெக்சஸ் மாட்டுக்குத் தடைச் சட்டம் வந்துடுச்சு. ஆறாவது முதன்மைத் தீர்க்கரேகைங்கிற நில அளவைக் கோட்டுக்கு மேற்கேதான் மாடு வரலாம். அபிலீன் அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் கிழக்கே! அதாவது சட்டப்படி தடைப்பகுதிக்குள்ள. கவர்னர் க்ராஃபோர்ட் ஆதரவு கொடுத்ததால ஓடுச்சு. மெக்காயோட சாமர்த்தியம்னு சொல்றவங்க இதையும் சேர்த்துச் சொல்லணும்.

குடியேறின விவசாயிகள் பெருகப் பெருக இது எவ்வளவு நாள் ஓடும்? 1872 பிப்ரவரியில அபிலீன்காரர் டி. சி. ஹென்றியும் மத்தவங்களும் மாட்டுக்காரங்களுக்குச் சுற்றறிக்கை விட்டாங்க: இந்த வருஷம் வேற இடம் பாருங்கன்னு. மாடெல்லாம் கன்சாஸ்லயே எல்ஸ்வொர்த், விச்சிட்டாங்கிற ஊர்கள் பக்கம் திரும்புச்சு. மெக்காய் கட்டின டிரோவர்ஸ் காட்டேஜ் ஹோட்டல்ல ஒரு பகுதியைப் பிரிச்சு எல்ஸ்வொர்த்துக்கே கொண்டுபோனாங்க. ஹென்றி குளிர்காலக் கோதுமையில இறங்கினார். அந்தக் கோதுமை நிலத்தை வாங்கினவங்க பத்திரம் பதிய அபிலீனுக்குத்தான் வந்தாங்க.