பாட்டு ஏன் வலது கதவுக்குள்ளிருந்து வருகிறது? காருக்கு ஏற்றபடி ஓடியோ செட்டைச் சரிசெய்தல்

[திரையில்: ஓட்டுநர் இருக்கையிலிருந்து கொழும்புக் காலி வீதி, மாலை நெரிசல்]

வணக்கம். அடுத்த முறை கொழும்பில் காலி வீதி நெரிசலில் வாகனம் நகராமல் நிற்கும்போது, ஒருவர் மட்டும் பாடும் பாட்டொன்றைப் போட்டுக் கேளுங்கள். குரல் எங்கேயிருந்து வருகிறது? டேஷ்போர்டின் நடுவிலிருந்து வரவேண்டும். பெரும்பாலான கார்களில் அது உங்கள் வலது முழங்காலுக்குப் பக்கத்தில், கதவுக்குள்ளிருந்துதான் வரும்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் விலை கூடிய ஸ்பீக்கர் வாங்கி மாட்டினாலும் குரல் அந்தக் கதவை விட்டு வெளியே வராது. குறை ஸ்பீக்கரில் இல்லை. கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் சூழ்ந்த ஒரு சின்னப் பெட்டிக்குள், அதுவும் ஒரு ஓரமாக உட்கார்ந்து கேட்கிறோம். அந்தப் பெட்டியை எப்படிச் சமாளிப்பது என்று பார்ப்போம். ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாக ஏற்றி இறக்கும் ஈக்வலைசரை இப்போதைக்குத் தொடாதீர்கள். அது கடைசி வேலை.

[திரையில்: மேலிருந்து கார். முன்கதவு ஸ்பீக்கர்கள் இரண்டிலிருந்தும் ஓட்டுநரின் தலைக்குக் கோடுகள்: 90 செ.மீ., 140 செ.மீ.]

நமக்கு ஸ்டியரிங் வலப்பக்கம். வலது கதவு ஸ்பீக்கர் தலையிலிருந்து 90 சென்ரிமீற்றர் என்றால், இடது கதவு ஸ்பீக்கர் 140 சென்ரிமீற்றர் அளவில் இருக்கும். கொழும்பு வெக்கையில் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 350 மீற்றர் போகிறது. அப்படியென்றால் இடப்பக்க ஒலி 1.4 மில்லி செக்கன் பிந்தி வருகிறது. இதெல்லாம் ஒரு நேரமா என்று தோன்றும். ஆனால் ஒரே ஒலி இரண்டு இடத்திலிருந்து வந்தால், முதலில் வந்து சேர்ந்ததன் பக்கம்தான் ஒலி இருக்கிறது என்று மூளை முடிவெடுத்துவிடும். ஜெர்மனியில் ஹெல்முட் ஹாஸ் என்பவர் 1949இல் தன் ஆய்வேட்டில் இதை எழுதினார். ஒலித்துறையில் இன்றும் இதை ஹாஸ் விளைவு என்கிறார்கள்.

பேலன்ஸை இடப்பக்கம் திருப்பினால் போதாதா? கொஞ்சம் உதவும். ஆனால் வலப்பக்கத்தின் சத்தம் குறையுமே தவிர, முந்தி வருவது முந்தித்தான் வரும்.

இந்த 50 சென்ரிமீற்றரால் இன்னொரு தொல்லையும் உண்டு. 350 ஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 350 முறை அதிரும் ஒலியின் அலைநீளம் 1 மீற்றர். அதில் சரிபாதி 50 சென்ரிமீற்றர். ஆகவே இரண்டு கதவிலிருந்தும் ஒன்றாகக் கிளம்பும் 350 ஹேர்ட்ஸ், உங்கள் காதருகே ஒன்று மேடாகவும் மற்றது பள்ளமாகவும் சந்தித்து ஒன்றையொன்று அழிக்கும். ஆண் குரலின் கனம் இருக்கும் இடம் அது. அது போனால் பாடுபவர் டின்னுக்குள்ளிருந்து கதைப்பது போலக் கேட்கும்.

சரி, ஈக்வலைசரில் 350ஐ ஏற்றிவிட்டால்? இரண்டு பக்கமும் சேர்ந்துதான் ஏறும், அழிவதும் அதற்கேற்பக் கூடும். பள்ளம் பள்ளமாகவே இருக்க, அம்ப்ளிஃபயர்தான் சூடாகும். கார் செட்டோடு மல்லுக்கட்டுகிறவர்களின் நேரத்தில் பாதி இப்படி நிரம்பாத பள்ளத்தை நிரப்பப் போய்த்தான் வீணாகிறது.

[திரையில்: உள் அட்டை கழற்றிய கதவு]

முதலில் கதவு. உள் அட்டையைக் கழற்றினால் கதவுத் தகட்டில் பெரிய பெரிய ஓட்டைகள் இருக்கும். ஸ்பீக்கரின் முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் ஒன்றுக்கொன்று எதிரானவை. பின்பக்க ஒலி ஓட்டை வழியாக முன்னுக்கு வந்தால் பேஸ், அதாவது அடித்தொனி, அங்கேயே செத்துவிடும். அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் ஷீட்டால் ஓட்டைகளை மூடுங்கள், வெளித் தகட்டின் உட்பக்கத்திலும் கொஞ்சம் ஒட்டுங்கள். கதவின் அடியில் மழைத் தண்ணீர் வடியும் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள். நம் ஊர் மழைக்கு ஒரு மாரி தாங்காது, கதவு துருப்பிடித்துவிடும்.

கதவு திறந்திருக்கும்போதே வயரிங்கையும் பாருங்கள். ஒரு ஸ்பீக்கரில் பிளஸ்ஸும் மைனஸும் மாறியிருந்தால் பேஸ் காணாமல் போகும், குரல் நடுவில் நிற்காமல் எங்கும் பரவிக் கிடக்கும். ஸ்பீக்கரின் வயரைக் கழற்றி, 1.5 வோல்ட் பற்றரி ஒன்றைக் கண நேரம் தொடுங்கள். பற்றரியின் பிளஸ் ஸ்பீக்கரின் பிளஸ்ஸில் பட்டால் கூம்பு வெளிப்பக்கம் நகரவேண்டும். எல்லா ஸ்பீக்கரும் ஒரே பக்கம் நகர்ந்தால் சரி.

அப்புறம் கிராஸ்ஓவர், அதாவது எந்த ஸ்பீக்கருக்கு எந்த ஹேர்ட்ஸ் போகவேண்டும் என்று பிரித்துவிடுவது. செட்டின் முகப்பில் 50 வாட், நான்கு சனல் என்று எழுதியிருக்கும். அது உச்சக் கணக்கு. உள்ளே இருக்கும் அம்ப்ளிஃபயர் தொடர்ந்து சுத்தமாகக் கொடுப்பது ஒரு ஸ்பீக்கருக்கு 15 முதல் 20 வாட் வரைதான். சத்தத்தை அளக்கும் டெசிபல் கணக்கில் 3 ஏற்றினால் இரண்டு மடங்கு வாட் வேண்டும், 9 டெசிபலுக்கு எட்டு மடங்கு. ஆகவே 60 ஹேர்ட்ஸை 9 டெசிபல் ஏற்றிவிட்டு சவுண்ட் உடைகிறது என்று ஸ்பீக்கரைத் திட்டுவதில் நியாயமில்லை. பேஸுக்கென்றே தனி ஸ்பீக்கரான சப்வூஃபர் இருந்தால் கதவு ஸ்பீக்கர்களுக்கு 80 ஹேர்ட்ஸில் ஹை பாஸ் போடுங்கள், அதற்கு மேலே உள்ளது மட்டும் போகும்; சப்புக்கு அதே 80இல் லோ பாஸ், கீழே உள்ளது மட்டும் போகும். சப் இல்லையென்றால் ஹை பாஸை 50, 60இல் வையுங்கள். பேஸ் கொஞ்சம் குறையும், ஆனால் மீதி எல்லாம் தெளியும்.

[திரையில்: செட்டின் மெனு, டைம் அலைன்மென்ட் பக்கம்]

இனி டைம் அலைன்மென்ட், அதாவது எல்லா ஸ்பீக்கரின் ஒலியும் காதுக்கு ஒன்றாக வந்து சேரும்படி கிட்ட இருப்பதைப் பிந்த வைப்பது. ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் உங்கள் தலையின் நடு வரை அளவு நாடாவால் அளங்கள். சில செட்டுகள் அந்தத் தூரத்தைக் கேட்கும், சில மில்லி செக்கனைக் கேட்கும். மில்லி செக்கன் என்றால் மிகத் தூரமான ஸ்பீக்கருக்குப் பூச்சியம். கிட்ட இருப்பவற்றுக்கு, தூர வித்தியாசத்தில் ஒவ்வொரு 35 சென்ரிமீற்றருக்கும் 1 மில்லி செக்கன். நம் உதாரணத்தில் வலது கதவை 1.4 பிந்த வைக்கிறோம். பிறகு இரண்டு பக்கமும் ஒரே ஒலி வரும் மோனோவில் ஒரு குரலைப் போட்டு, அது டேஷ்போர்டின் நடுவுக்கு வரும்வரை 0.1, 0.2 என்று நகர்த்துங்கள். அது வந்து நிற்கும் அந்தக் கணத்தில், இத்தனை நாளும் எதைக் கேட்டோம் என்று கோபம்கூட வரும்.

இந்த வசதி இல்லாத செட் என்றால் ஒலியை டிஜிட்டலாகச் சரிசெய்யும் டிஎஸ்பி என்ற தனிக் கருவி ஒன்று போட வேண்டும். என்னைக் கேட்டால், புது ஸ்பீக்கருக்கு வைத்திருக்கும் காசை அதில் போடுவது புத்திசாலித்தனம்.

[திரையில்: போனில் ஆர்டிஏ வரைபடம், பிங்க் நாய்ஸ் ஒலிக்கிறது]

இப்போதுதான் அளவெடுப்பு. பிங்க் நாய்ஸ் என்பது எல்லா ஒக்டேவிலும் (ஹேர்ட்ஸ் இரண்டு மடங்காகும் ஒவ்வொரு படியிலும்) சம சக்தி உள்ள இரைச்சல். அதைப் போட்டு, காதிருக்கும் உயரத்தில் மைக்கை மெதுவாக ஆட்டிக்கொண்டே, எந்த ஹேர்ட்ஸில் எவ்வளவு சத்தம் என்று காட்டும் ஆர்டிஏ வரைபடத்தைப் பாருங்கள். போன் மைக் அவசரத்துக்கு உதவும், ஆனால் அது குரலுக்காகச் செய்தது, அடிப்பகுதியைப் பல போன்களில் வெட்டிவிடும். யூமிக்-1 போல, தன் பிழையைத் திருத்தும் அளவுக் கோப்போடு வரும் மைக்கும், இலவசமான ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருளும் இருந்தால் நல்லது. ஏசி நிறுத்தம், கண்ணாடிகள் மூடல், நீங்கள் இருக்கையில். எங்கே நிறுத்துவது என்பதும் முக்கியம். வெள்ளவத்தையில் மரைன் டிரைவ் பக்கம் போய் நின்றால் கடலும் ரயிலும் வரைபடத்துக்குள் வந்துவிடும். இரவு பிந்தி, உள் ஒழுங்கை ஏதாவது பாருங்கள். நிறுத்திய காருக்குள்ளிருந்து ஒரே இரைச்சல் வருவதைக் கேட்டு யாராவது வந்து விசாரிப்பார்கள், அதற்கும் ஒரு பதிலைத் தயாராக வைத்திருங்கள்.

மூன்று முறை அளங்கள்: இடது மட்டும், வலது மட்டும், இரண்டும் சேர்த்து. தனித்தனியாக இல்லாத பள்ளம் இரண்டும் சேர்ந்ததும் வருகிறதா? அது நேரச் சிக்கல், டைம் அலைன்மென்ட்டுக்குத் திரும்புங்கள். தனியாகவும் மேடு இருக்கிறதா? அதைத்தான் ஈக்வலைசரால் வெட்ட வேண்டும்.

மேடுகள் எங்கே வரும் என்று ஓரளவு முன்கூட்டியே சொல்லலாம். உள் அகலம் 1.3 மீற்றர் என்றால், இரு பக்கக் கண்ணாடிகளுக்கும் இடையில் ஏறக்குறைய 135 ஹேர்ட்ஸில் அலை நின்று முழங்கும். மிருதங்கத்தின் தொப்பி அடி ஒவ்வொன்றும் ஒரே சுருதியில் ‘தொம் தொம்’ என்று கேட்டால் அந்தப் பக்கமாகத் தேடுங்கள். 3, 4 டெசிபல் குறைத்தாலே தெளியும். 2,000 முதல் 5,000 ஹேர்ட்ஸ் வரை முன் கண்ணாடியும் டேஷ்போர்டும் திருப்பியடிப்பவை. நாதஸ்வரம் காதைக் குத்துகிறதா, ‘ஸ’ வரும் சொல்லெல்லாம் சீறுகிறதா, அங்கே குறையுங்கள். ஒரே அடியாக அல்ல, 2 டெசிபல், பிறகு கேளுங்கள்.

70, 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே நிலைமை வேறு. அலைநீளம் காரைவிட மிகப் பெரிதாகிவிடுவதால், மூடிய காபின் பேஸைத் தானாகவே தூக்கிக் கொடுக்கிறது. கண்ணாடியை இறக்கினால் பேஸ் ஓடிப்போவது இதனால்தான். வரைபடத்தில் இந்த மேட்டைக் கண்டு பயந்து முழுதாக வெட்டிவிடாதீர்கள். ஓடும் காரில் டயர் இரைச்சலும் ஏசியும் மூடி மறைப்பது முக்கியமாக அடிப்பகுதியைத்தான். சத்தம் குறைவாக வைத்தால் காது பேஸை இன்னும் குறைவாகக் கேட்கும், இதை ஃபிளெட்சர், மன்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1933இலேயே அளந்து காட்டிவிட்டார்கள். ஆகவே காருக்கு நேர்கோடு வேண்டாம். அடிப்பகுதி நடுப்பகுதியைவிட 6 முதல் 10 டெசிபல் உயரமாக, மேலே போகப் போக மெல்லச் சரிகிற கோடுதான் ஓடும்போது சரியாக இருக்கும்.

இதையெல்லாம் வானொலியை வைத்துச் செய்யாதீர்கள். எஃப்எம்மில் 15,000 ஹேர்ட்ஸுக்கு மேல் ஒன்றுமில்லை, நிலையங்களும் சத்தத்தை அமுக்கித் தட்டையாக்கித்தான் அனுப்புகின்றன.

இவ்வளவும் ஓட்டுநர் இருக்கை ஒன்றுக்கு மட்டும். இடப்பக்கம் இருப்பவருக்கு, நாம் பிந்த வைத்த 1.4 மில்லி செக்கன் அவருடைய தூரத்தோடும் சேர்ந்து, குரல் முன்பைவிட மோசமாக அவருடைய கதவுக்குள் போய்விடும். அதனால் இதை முதல் பிரீசெட்டில் சேமியுங்கள். இரண்டாவதில் டைம் அலைன்மென்ட்டை நிறுத்தி, ஈக்வலைசரை மட்டும் வைத்துச் சேமியுங்கள். வீட்டு ஆட்களோடு போகும்போது அதைப் போடுங்கள்.