நாலு டாலர் டி-ஷர்ட்

நேயர்களுக்கு வணக்கம்.

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி கம்பெனிகளில் முப்பது வருஷத்துக்கு மேல் ஷிப்பிங் டாக்குமென்ட் வேலை பார்த்தவன் நான். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், சரக்கு எந்த நாட்டில் உற்பத்தியானது என்று சொல்லும் சான்றிதழ், இவற்றோடுதான் என் காலம் போனது. நாடுகள் முறையாக உட்கார்ந்து வர்த்தக ஒப்பந்தம் போட்டுக்கொள்ளத்தான் வேண்டுமா, அது இல்லாமல் வியாபாரம் நடக்காதா என்று பேசச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்தது டி-ஷர்ட். அதை வைத்தே சொல்கிறேன்.

அமெரிக்காவுக்குப் போகும் சாதாரண பருத்தி டி-ஷர்ட். தூத்துக்குடியில் கப்பல் ஏறும்போது நாலு டாலர் விலை என்று வைத்துக்கொள்வோம். அந்த நாட்டுச் சுங்கத்தில் அதற்கு வரி 16.5 சதவீதம், அதாவது 66 சென்ட். நமக்கும் அதுதான், வங்கதேசத்துக்கும் அதுதான், வியட்நாமுக்கும் அதுதான். எல்லோருக்கும் ஒரே வரி என்பதால் தரத்திலும் விலையிலும் போட்டி போட்டுப் பிழைத்தோம்.

2025 ஏப்ரல் 2-ஆம் தேதி இந்தியாவுக்குக் கூடுதலாக 26 சதவீதம் என்று அறிவித்தார்கள். ஒரே வாரத்தில் அதை நிறுத்திவைத்து, இப்போதைக்குப் 10 சதவீதம் என்றார்கள். ஆகஸ்ட் 7 முதல் அது 25 ஆனது. ரஷ்ய எண்ணெய் வாங்குகிறோம் என்று சொல்லி ஆகஸ்ட் 27 முதல் இன்னொரு 25. அப்போது பழைய 16.5-க்கு மேல் ஐம்பது. நாலு டாலர் டி-ஷர்ட்டுக்கு வரி மட்டும் 2 டாலர் 66 சென்ட். அதே நாலு டாலர் டி-ஷர்ட் வங்கதேசத்திலிருந்து போனால், அவர்களுக்கு அப்போது கூடுதல் வரி 20 சதவீதம் என்பதால், 1 டாலர் 46 சென்ட். வித்தியாசம் 1 டாலர் 20 சென்ட். ஒரு பீஸுக்கு இருபது, முப்பது சென்ட் நின்றால் நல்ல ஆர்டர் என்று சொல்கிற ஊர் எங்களுடையது. இந்தப் பள்ளத்தை எந்த ஓவர்லாக் டெய்லரும் வேகமாகத் தைத்து நிரப்பிவிட முடியாது.

அந்த ஆகஸ்ட் மாதத்தை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 27-ஆம் தேதிக்கு முன்னால் கப்பலில் ஏற்றிய சரக்குக்கு இரண்டாவது 25 சதவீதம் கிடையாது என்று ஒரு சலுகை இருந்தது. உடனே சாயப்பட்டறையிலிருந்து செக்கிங், அயர்னிங் வரை இராப்பகலாக ஓட்டினார்கள். என்னிடம் வேலை பழகிய பையன் ஒருவன் ராத்திரி பதினொரு மணிக்குப் போன் செய்தான். "அண்ணா, கப்பல் ஏத்திட்டாப் போதுமா?" என்று கேட்டான். உத்தரவை முழுதாகப் படித்துக்காட்டச் சொன்னேன். சரக்கு செப்டம்பர் 17-க்கு முன்னால் அமெரிக்கச் சுங்கத்தில் நுழைந்திருக்கவும் வேண்டும் என்று அடுத்த வரியில் இருந்தது. தூத்துக்குடியிலிருந்து சின்னக் கப்பலில் கொழும்பு போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாற்றி அமெரிக்கா போய்ச் சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். 27-க்கு முந்தின வாரம் ஏற்றியது எதுவும் கடல்வழியாக அந்தத் தேதிக்குள் போய்ச் சேராது. போனில் அவன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

இந்த வரியைக் கட்டுவது யார்? இந்தியா கட்டுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். சட்டப்படி கட்டுவது அங்கே இறக்குமதி செய்யும் கம்பெனி. அவர்கள் பணம் அவர்கள் அரசாங்கத்துக்கே போகிறது. பிறகு அந்தச் சுமையை மூன்று பக்கமும் தள்ளுவார்கள். கொஞ்சம் அவர்கள் லாபத்தில் குறையும், கொஞ்சம் கடை விலையில் ஏறும், மிச்சத்துக்கு "தள்ளுபடி கொடுங்கள்" என்று நமக்கு மெயில் வரும். நம் முதலாளி அதை கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் பவர் டேபிள்காரரிடம் தள்ளுவார். கடைசியில் சனிக்கிழமை சம்பளக் கவரில் ஓவர்டைம் குறைந்திருக்கும்.

அங்கே இருக்கிற மக்களுக்காவது இதில் லாபமா? 2018-இல் அமெரிக்கா வெளிநாட்டு வாஷிங் மெஷினுக்கு வரி போட்டது. வாஷிங் மெஷின் விலை ஏறியது, அது எதிர்பார்த்ததுதான். கூடவே துணி காய வைக்கும் டிரையரின் விலையும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு ஏறியது. டிரையருக்கு வரியே கிடையாது! இரண்டையும் ஜோடியாக விற்பதால், உள்நாட்டுக் கம்பெனி, வெளிநாட்டுக் கம்பெனி எல்லோருமே சேர்த்து ஏற்றிவிட்டார்கள். உள்ளூரில் வேலைகள் வந்தது உண்மை. ஆனால் ஒரு வேலைக்கு வருஷத்துக்கு 8 லட்சம் டாலருக்கு மேல் அந்த நாட்டு மக்கள் கையிலிருந்து போனதாகப் பொருளாதார அறிஞர்கள் கணக்குப் போட்டார்கள்.

அமெரிக்காவை மட்டும் சொன்னால் நான் நேர்மையாகப் பேசியவன் ஆகமாட்டேன். 2021 பட்ஜெட்டில் நாமும் வெளிநாட்டுப் பருத்திக்கு 11 சதவீத வரி போட்டோம், விவசாயிக்குப் பாதுகாப்பு என்று. பஞ்சு விலை ஏறினால் நூல் விலை ஏறும், நூல் ஏறினால் எங்கள் விலை ஏறும். வங்கதேசத்துக்காரர் பருத்தியை வரியில்லாமல் இறக்கி நூற்கிறார். 2022-இல் சில மாதம் வரியை எடுத்தார்கள், மறுபடி போட்டார்கள். 2025 ஆகஸ்ட் 19 முதல் செப்டம்பர் 30 வரை மறுபடி எடுத்தார்கள், பிறகு டிசம்பர் 31 வரை நீட்டினார்கள். இதற்கு யாரோடு ஒப்பந்தம் போட்டோம்? யாரோடும் இல்லை. நிதி அமைச்சகத்தின் அறிவிக்கை ஒன்று போதுமானதாக இருந்தது. பருத்தி விவசாயியின் பயம் நியாயமானது, அவர் விளைச்சலை ஆதார விலைக்கு இந்தியப் பருத்திக் கழகம் தாமதமில்லாமல் வாங்கட்டும். அவரைக் காப்பாற்றும் பொறுப்பைத் தையல்காரர் தலையில் வைப்பது சரியில்லை.

இப்படி ஒருதலையாக வரியைக் குறைத்த நாடுகள் உண்டு. பிரிட்டன் 1846-இல் தானியத்துக்கான இறக்குமதி வரிச் சட்டத்தை நீக்கியபோது யாரிடமும் பதிலுக்கு எதுவும் கேட்கவில்லை. 1991 ஜூலையில் மன்மோகன் சிங் வரியின் உச்சத்தை 150 சதவீதமாகக் குறைத்தார். குறைத்தே 150 என்றால் அதற்கு முன்னால் எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள்! 2007-இல் தொழில் பொருட்களுக்கு அது 10 சதவீதத்துக்கு வந்தது. பன்னாட்டு நிதியத்திடம் கடன் வாங்கிய நெருக்கடி பின்னால் இருந்தது என்றாலும், எந்த நாட்டோடும் வரிக்கு வரி பேரம் பேசி அதைச் செய்யவில்லை. ஆக, நம் வீட்டுக் கதவைத் திறக்க அடுத்த வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டாம்.

பிறகு ஒப்பந்தம் எதற்கு? அடுத்தவர் கதவுக்காக. அதுவும் இன்றைக்குத் திறப்பதற்காக மட்டும் இல்லை, நாளைக்குச் சாத்தாமல் இருப்பதற்காக. நூல் வாங்குவதிலிருந்து சரக்கு கடையில் தொங்குவது வரை ஆறு மாதம் ஆகும். விலை பேசிய அன்று இருந்த வரி, சரக்கு இறங்கும் அன்றும் இருக்க வேண்டும். வரி அதிகமாக இருந்தால்கூட அதற்கேற்ற விலை போட்டுப் பழகிக்கொள்வோம். மாதத்துக்கு ஒன்றாக மாறுகிற வரிக்கு எந்த விலையைப் போடுவது?

ஒப்பந்தம் இல்லாமல் கிடைக்கும் சலுகை, கொடுத்தவர் கையில்தான் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைக்குக் கொடுத்த ஜி.எஸ்.பி. பிளஸ் என்ற வரிச் சலுகையை 2010 ஆகஸ்டில் நிறுத்தியது, மனித உரிமை உடன்படிக்கைகளை அரசு நிறைவேற்றவில்லை என்று. 2017-இல்தான் திரும்பக் கொடுத்தது. காரணம் நியாயமானதுதான். ஆனால் இலங்கையின் கட்டுநாயக்கவில் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த பெண் எந்தத் தவறும் செய்யாதவள்.

கையெழுத்துப் போட்டால் மட்டும் நிற்குமா என்று நீங்கள் கேட்கலாம். தென்கொரியா 2012 முதல் அமெரிக்காவோடு தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தில் இருக்கிறது. 2025-இல் அவர்களுக்கும் 15 சதவீதம் விழுந்தது. உலக வர்த்தக அமைப்பில் முறையிடலாம் என்றால், அதன் மேல்முறையீட்டு அமர்வு 2019 டிசம்பரிலிருந்து போதிய உறுப்பினர்கள் இல்லாமல் முடங்கிக் கிடக்கிறது. இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. 1947-இல் ஜெனிவாவில் 23 நாடுகள் கூடி வரிகளைக் குறைக்க ஒப்பந்தம் போட்டன, இந்த அமைப்புக்கு அதுதான் அடித்தளம். இந்தியாவும் அதில் ஒன்று. 1930-களில் ஆளுக்கு ஆள் வரிச்சுவர் எழுப்பிப் பட்ட அனுபவம்தான் அவர்களை அந்த மேசைக்குக் கொண்டுவந்தது.

ஆனாலும் ஒப்பந்தம் வேண்டும் என்றே சொல்வேன், ஒரு நாட்டோடு இல்லை, பல நாடுகளோடு. 2025 ஜூலை 24-இல் பிரிட்டனோடு கையெழுத்தானதில் நம் ஆயத்த ஆடைக்கு வரி கிடையாது. ஒரு கதவு சாத்தினால் போக இன்னொரு கதவு இருக்கும். சின்னக் கம்பெனிகளுக்கு ஒரு வார்த்தை. ஒப்பந்தச் சலுகை தானாக வந்து சேராது. துணி எங்கே பின்னியது, எங்கே வெட்டித் தைத்தது என்று காட்டும் உற்பத்திச் சான்றிதழ் ஒழுங்காக இருந்தால்தான் வரிவிலக்கு. ஒரு எண் பிசகினாலும் சரக்கு வாங்கும் பையர் முழு வரி கட்டுவார், பிறகு நம் பில்லில் கழிப்பார்.

அந்தப் பையனை இப்போது சனிக்கிழமை மத்தியானங்களில் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். பிரிட்டன் ஒப்பந்தத்தில் எந்தச் சரக்கு எந்த நாட்டு உற்பத்தி என்று தீர்மானிக்கும் விதிகள் இருக்கும் பக்கங்களை வரிவரியாகப் படித்துக்கொண்டிருக்கிறோம். போன வாரம் பின்னலாடை வரை வந்திருக்கிறோம்.

நன்றி, வணக்கம்.