கார்டு உங்கள் பெயரில், சாவி யார் கையில்?

வணக்கம் நேயர்களே. பிளாக்செயின் கார்டு விளையாட்டு என்று அறிவிப்பு வந்ததுமே உங்களில் சிலர் இது நமக்கான பேச்சு இல்லை என்று நினைத்திருப்பீர்கள். வேறு சிலர், இதில் எவ்வளவு தேறும் என்று தெரிந்துகொள்ளக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். இரண்டாவது கூட்டத்துக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சம்பாதிக்கும் வழி என்று நினைத்து இறங்குவதானால், தயவுசெய்து இறங்க வேண்டாம். ஆட்டம் பிடித்தால் ஆடுங்கள். ஏன் இப்படிக் கறாராகச் சொல்கிறேன் என்பது போகப் போகப் புரியும்.

சேகரித்து ஆடும் கார்டு விளையாட்டுக்குப் பெரிய வழி திறந்தது 1993இல். ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்த 'மேஜிக்: த கேதரிங்' அந்த ஆண்டுதான் வெளிவந்தது. உறையைப் பிரித்தால் என்ன கார்டு வரும் என்று தெரியாது. வந்ததை வைத்துச் சொந்தக் கட்டு ஒன்று சேர்த்து மோத வேண்டும். வேண்டாததை விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம். பிறகு கார்டு ஆட்டங்கள் கணினிக்கு வந்தன. 2014இல் வந்த ஹார்த்ஸ்டோனைக் கோடிக்கணக்கானவர்கள் ஆடினார்கள். ஆனால் அதில் சேர்த்த கார்டை இன்னொருவருக்கு விற்க வழியில்லை. கணக்கும் கார்டும் நிறுவனத்தின் சர்வருக்குள்தான் இருக்கும். காகிதக் கார்டில் இருந்த விற்கும் உரிமையைத் திரையிலும் கொண்டுவர முடியுமா என்று பார்த்ததில் பிறந்தவைதான் பிளாக்செயின் கார்டு விளையாட்டுகள்.

கார்டு ஆட்டத்துக்கும் கிரிப்டோவுக்கும் அதற்கு முன்பே ஒரு வேடிக்கையான உறவு உண்டு. ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய பிட்காயின் சந்தையாக இருந்த மவுண்ட் காக்ஸ் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த இணைய முகவரியை ஜெட் மெக்கேலப் வாங்கியது மேஜிக் கார்டுகளை மாற்றிக்கொள்ள ஒரு சந்தை நடத்தத்தான். 2010இல் அதே முகவரியில் பிட்காயின் சந்தை தொடங்கியது. பிறகு வேறொருவர் கைக்கு மாறி, 2014இல் திவாலானது. காணாமல் போனவை சுமார் 8,50,000 பிட்காயின்கள் என்று அறிவித்தார்கள். அவற்றில் 2,00,000 பிற்பாடு கிடைத்தன. பணத்தை இழந்தவர்கள் எல்லாரும் தங்கள் காயின்களை அந்தச் சந்தையின் பொறுப்பில் விட்டு வைத்திருந்தவர்கள். காயினை எடுத்துக் கையாள உதவும் ரகசியக் குறியீட்டைத்தான் சாவி என்கிறோம். அந்தச் சாவி அவர்கள் கையில் இல்லை. இன்றைய பேச்சில் இந்தச் சாவி திரும்பத் திரும்ப வரும்.

சரி, பிளாக்செயினில் உண்மையில் என்னதான் இருக்கிறது? பல கணினிகள் ஒரே நேரத்தில் பிரதி வைத்துக் காக்கும் ஒரு பேரேடு. இந்த எண்ணுள்ள கார்டு இந்தக் கணக்குக்குச் சொந்தம் என்ற வரி அதில் இருக்கும். ஒருவர் மட்டும் உட்கார்ந்து அந்த வரியைத் திருத்திவிட முடியாது. அவ்வளவுதான். கார்டின் படம், அதன் சக்தி, யார் யாரை அடித்தால் என்ன ஆகும் என்ற கணக்கு, போட்டிக்கு ஆள் சேர்த்துவிடும் ஏற்பாடு எல்லாம் பெரும்பாலும் நிறுவனத்திடம்தான் இருக்கின்றன. கார்டு உங்களுடையது என்று விளம்பரத்தில் சொல்வது பொய்யில்லை. ஆட்டம் உங்களுடையது இல்லை என்பதைத்தான் அங்கே சொல்ல மாட்டார்கள்.

எஃப்1 டெல்டா டைம் என்று ஒரு கார் பந்தய விளையாட்டு இருந்தது. 2019இல் அதன் முதல் கார், எத்தீரியம் என்ற பிளாக்செயினின் நாணயமான ஈதரில், 415 ஈதருக்கு மேல் ஏலம் போனது. அன்றைய மதிப்பில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டிய தொகை. 2022 மார்ச்சில், பந்தயத்தின் பெயரைப் பயன்படுத்தும் உரிமம் புதுப்பிக்கப்படாததால் விளையாட்டையே மூடினார்கள். மாற்றுப் பொருட்கள் தருவதாக நிறுவனம் சொன்னது உண்மைதான். ஆனாலும் வாங்கிய காரை ஓட்ட அந்தப் பந்தயத் தடம் இல்லை. பேரேட்டில் வரி மட்டும் பத்திரமாக இருந்தது.

இனி ஆட்டத்துக்கு வருவோம். புதிதாக வருபவர்கள் அதிகம் கேள்விப்படும் பெயர்கள் இரண்டு. காட்ஸ் அன்செயிண்ட் எத்தீரியத்தைச் சார்ந்தது. ஆறு தெய்வங்களில் ஒன்றைத் தேர்ந்து, 30 கார்டு கொண்ட கட்டோடு மாறி மாறி ஆட வேண்டும். ஹார்த்ஸ்டோன் ஆடிப் பழகியவர்களுக்கு உடனே கை வந்துவிடும். தொடக்கக் கார்டுகள் இலவசம். 2018இல் அதன் ஹைபெரியன் என்ற ஒற்றைக் கார்டு 146 ஈதருக்கு ஏலம் போய்ப் பெரிய செய்தியானது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு இந்தப் பக்கம் வருபவர்கள்தான் சீக்கிரம் ஏமாந்து திரும்புகிறவர்கள் என்பது என் கணிப்பு.

இன்னொன்று ஸ்பிளின்டர்லேண்ட்ஸ். 2018இல் ஸ்டீம் மான்ஸ்டர்ஸ் என்ற பெயரில் ஸ்டீம் பிளாக்செயினில் தொடங்கி, 2020இல் அதிலிருந்து ஹைவ் என்ற பிளாக்செயின் பிரிந்த பிறகு அங்கே குடிபெயர்ந்தது. எனக்குப் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இதில் கை வேகம் தேவையில்லை. போர் தொடங்குவதற்கு முன்பே உங்கள் வேலை முடிந்துவிடும். ஒவ்வொரு போருக்கும் ஒரு மானா அளவு, அதாவது கார்டு எடுக்கச் செலவழிக்கும் புள்ளிகள், கொடுப்பார்கள். 20 மானா என்று வைத்துக்கொள்வோம். முதலில் ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய தொகுப்பின் அல்ரிக் ஸ்டார்ம்பிரிங்கரை எடுத்தால் 3 மானா போகும். பதிலுக்கு உங்கள் மாயத் தாக்குதல் மான்ஸ்டர்கள் (போரிடும் கார்டுகள்) எல்லாருக்கும் தாக்குதலில் ஒரு புள்ளி கூடும். அவர் நீர் அணி. ஆகவே மீதி 17 மானாவுக்கு நீர் மான்ஸ்டர்களையும் எந்த அணியிலும் சேரக்கூடிய நடுநிலை மான்ஸ்டர்களையும் மட்டுமே எடுக்க முடியும். அதிகபட்சம் ஆறு பேர்.

வரிசையில்தான் எல்லாச் சூட்சுமமும். நேருக்கு நேர் மோதும் மான்ஸ்டர் முதலிடத்தில் நின்றால்தான் அடிக்க முடியும்; சிறப்புத் திறமை இருப்பவை மட்டும் விதிவிலக்கு. அம்பு எய்பவரை முதலிடத்தில் நிறுத்தினால் சும்மா நிற்பார். மாயத் தாக்குதல் கவசத்தைத் தாண்டி நேராக உயிரில் இறங்கும். அதனால் உயிர் அதிகமுள்ள ஆளை முன்னால் நிறுத்திவிட்டு, மாயக்காரர்களைப் பின்னால் வைக்கிறோம். அப்புறம் கடைசி இடம். ஸ்னீக் என்ற திறமை உள்ள எதிரி முன்னால் இருப்பவர்களையெல்லாம் விட்டுவிட்டுக் கடைசியில் நிற்பவரைத்தான் அடிப்பான். அங்கே உங்கள் அருமையான மாயக்காரர் நின்றால் போச்சு. ஃபியூரியஸ் சிக்கன் என்று ஒரு கோழிக் கார்டு உண்டு, மானா பூஜ்யம். அதைக் கடைசியில் நிறுத்துங்கள். முதல் அடியைக் கோழி வாங்கிக்கொள்ளும். அதற்குள் நமக்கு ஒரு சுற்று கிடைத்துவிடும். பெரிய பெரிய மிருகங்களை வைத்திருப்பவர்கள் இந்தக் கோழியின் அருமையை உணரக் கொஞ்ச காலம் ஆகும்.

இதோடு ஒவ்வொரு போருக்கும் விதிகள் மாறும். ஒன்றில் மெதுவாக நகர்பவர்தான் முதலில் அடிப்பார். இன்னொன்றில் மாய மான்ஸ்டர்களுக்கே இடமில்லை, அல்ரிக்கை எடுத்துப் பயனில்லை. அதனால் விலை உயர்ந்த ஒரே ஒரு கார்டு இருப்பதைவிட, விதிக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளப் பலவகைச் சாதாரணக் கார்டுகள் இருப்பதே மேல்.

இங்கே ஒரு கேள்வி வர வேண்டும். பேரேடு எல்லார் கண்ணுக்கும் திறந்தே இருக்கிறது என்றால், நான் அனுப்பும் அணியை எதிராளி எட்டிப் பார்த்துவிட மாட்டாரா? அதற்கு அழகான ஏற்பாடு செய்திருக்கிறார்கள். முதலில் உங்கள் அணியைக் கணித முறையில் அரைத்து எடுத்த ஓர் எழுத்துக் கோவை மட்டும் போகும். அதை வைத்து அணியைக் கண்டுபிடிக்க முடியாது. இரு பக்கமும் அனுப்பிய பிறகுதான் உண்மையான அணி வெளிவரும். எழுத்துக் கோவையோடு அது பொருந்துகிறதா என்று அப்போது சரிபார்ப்பார்கள். எதிராளியைப் பார்த்துவிட்டு அணியை மாற்ற முடியாது. ஹைவில் மூன்று விநாடிக்கு ஒரு பிளாக், அதாவது பேரேட்டின் ஒரு புதுப் பக்கம், உருவாவதால் இதெல்லாம் நடப்பதே நமக்குத் தெரியாது.

இப்போது சாவி. இந்தப் பகுதியை மட்டுமாவது கவனமாகக் கேளுங்கள். ஹைவ் கணக்குக்கு ஒரே பாஸ்வேர்டு கிடையாது, வேலைக்கு ஒன்றாகத் தனித்தனிச் சாவிகள் உண்டு. போஸ்டிங் சாவி ஆடுவது போன்ற அன்றாட வேலைக்கு. அதை வைத்துப் பணத்தை எடுக்க முடியாது. ஆக்டிவ் சாவி பணம், சொத்துப் பரிமாற்றத்துக்கு. ஓனர் சாவி மற்றச் சாவிகளையே மாற்றக்கூடியது. மெமோ சாவி ரகசியக் குறிப்புகளுக்கு, அதை இப்போதைக்கு மறந்துவிடலாம். தினமும் ஆட போஸ்டிங் சாவி போதும். ஏதாவது ஒரு தளம் ஆட்டத்துக்கு என்று சொல்லி ஆக்டிவ் சாவியைக் கேட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். ஓனர் சாவியைக் கேட்டால் சந்தேகமே வேண்டாம், திருட்டுதான். இன்னொன்று: வெறும் மின்னஞ்சல் கொடுத்துத் தொடங்கும்போது சாவி பெரும்பாலும் நிறுவனத்திடமே இருக்கும். ஆடிப் பார்க்க அது பரவாயில்லை. கார்டு வாங்கத் தொடங்கும்போது சாவியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எத்தீரியம் வகை வாலட்டில், அதாவது சாவியைக் காக்கும் செயலியில், பெரும்பாலும் 12 சொற்கள் தருவார்கள். 2048 சொற்கள் கொண்ட ஒரு நிலையான பட்டியலிலிருந்து எடுத்தவை அவை. அந்த 12 சொல் தெரிந்தவர்தான் உரிமையாளர், பேரேடு வேறு யாரையும் அறியாது. காகிதத்தில் எழுதி இரண்டு இடத்தில் வையுங்கள். போனில் படம் பிடித்து வைக்காதீர்கள், அந்தப் படம் உங்களுக்கே தெரியாமல் வேறெங்கோ சேமிக்கப்படும். உதவி மையத்திலிருந்து பேசுகிறோம், சரிபார்க்க அந்தச் சொற்களைச் சொல்லுங்கள் என்று யாராவது செய்தி அனுப்பினால் பதிலே போட வேண்டாம்.

சொற்களைக் கேட்காமலும் திருட முடியும் என்பதுதான் பலருக்குத் தெரியாது. இலவசக் கார்டு தருகிறோம், இங்கே ஒப்புதல் கொடுங்கள் என்று ஒரு பொத்தான் வரும். அழுத்தினால் வாலட் ஒரு சின்னப் பெட்டியைக் காட்டும். இந்தத் தொகுப்பில் உள்ள உங்கள் எல்லா என்எஃப்டிகளையும், அதாவது பேரேட்டில் உங்கள் பெயரில் உள்ள கார்டு போன்ற பொருட்களையெல்லாம், கையாள அனுமதி தருகிறீர்களா என்று அதில் எழுதியிருக்கும். இலவசமாக ஒன்றை வாங்கிக்கொள்ள, நம்மிடம் உள்ளதையெல்லாம் கையாளும் அனுமதி எதற்கு? அந்தப் பெட்டியைப் படிக்க ஐந்து விநாடி ஆகும். படியுங்கள்.

பணம் பற்றி வாக்குக் கொடுத்தபடி சொல்ல வேண்டும். ஆடி ஜெயித்தால் டோக்கன் என்ற டிஜிட்டல் நாணயம் கிடைக்கும், அதை விற்றால் காசு என்பது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஜெயிப்பவர்களுக்கெல்லாம் புதிது புதிதாக டோக்கன் வெளியிட்டால் அதை வாங்க யாராவது வந்துகொண்டே இருக்க வேண்டும். ஆக்ஸி இன்ஃபினிட்டி விளையாட்டின் எஸ்எல்பி டோக்கன் 2021 ஜூலையில் 30 சென்ட்டுக்கு மேலே போனது. அடுத்த ஆண்டின் நடுவில் ஒரு சென்ட்டுக்கும் கீழே வந்துவிட்டது. போதாக்குறைக்கு, 2022 மார்ச்சில், ஒரு பிளாக்செயினிலிருந்து இன்னொன்றுக்குப் பணத்தைக் கொண்டுசெல்லும் அதன் ரோனின் பாலத்தைக் காத்த ஒன்பது சாவிகளில் ஐந்தைக் கைப்பற்றி 60 கோடி டாலருக்கு மேல் கொண்டுபோனார்கள். சில நாட்கள் கழித்து ஒரு பயனர் பணம் எடுக்க முடியவில்லை என்று சொன்ன பிறகுதான் விஷயமே வெளியே தெரிந்தது.

ஆகவே தொகையை முதலிலேயே முடிவு செய்யுங்கள். ஒரு பொழுதுபோக்குக்குச் செலவழித்துவிட்டு மறந்துவிடக்கூடிய தொகையாக அது இருக்கட்டும். அதையும் முதல் நாளே செலவழிக்க வேண்டாம். இலவசமாகத் தரும் தொடக்கக் கார்டுகளை வைத்துக் கொஞ்ச நாள் ஆடுங்கள். எந்த அணி உங்களுக்கு ஒத்துவருகிறது என்று அதற்குள் தெரிந்துவிடும். அப்போதும் உறையைத் தொடாதீர்கள். உறை பிரிப்பது ஒரு போதை. வேண்டிய கார்டைச் சந்தையில் தனியாக வாங்குங்கள். ஸ்பிளின்டர்லேண்ட்ஸில் நாள் வாடகைக்குக்கூட எடுக்கலாம். வாங்காமல் சோதித்துப் பார்க்க அதைவிட நல்ல வழி கிடையாது.

விலை பார்க்கும்போது, விற்பவர் கேட்கும் விலை வேறு, கடைசியாக உண்மையில் விற்ற விலை வேறு என்பதைக் கவனியுங்கள். முன்னது வெறும் ஆசை. அதேபோல் கார்டின் நிலை. ஸ்பிளின்டர்லேண்ட்ஸில் ஒரே கார்டின் பிரதிகளைச் சேர்த்து உயர்த்த வேண்டும். பீட்டா தொகுப்பில் ஒரு சாதாரணக் கார்டு உச்ச நிலையைத் தொட 505 பிரதிகள் வேண்டும். மிக அரிதான லெஜண்டரி வகைக்கு 11 போதும். இந்தக் கணக்கைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், உச்சத்தைத் துரத்தவும் வேண்டாம். கீழ் லீக்குகளில் கார்டு நிலைக்கு உச்சவரம்பு உண்டு. வெண்கல லீக்கில் (ப்ரான்ஸ்) ஆடும்வரை உச்ச நிலைக் கார்டு வைத்திருப்பவரின் கூடுதல் பலமும் அங்கே எடுபடாது. எதிரில் இருப்பது சில நேரம் மனிதராகவே இருக்காது, தானாகவே ஆடும் பாட் நிரலாக இருக்கும். அதற்காக முறுக்கிக்கொள்ள வேண்டாம், அதனிடம் தோற்றாலும் பாடம் பாடம்தான்.

வாங்கியது, விற்றது இரண்டையும் தேதியோடும் அன்றைய விலையோடும் குறித்து வையுங்கள். பல நாடுகளில் இதற்கு வரி உண்டு. வருடக் கடைசியில் உட்கார்ந்து நினைவுபடுத்திப் பார்க்க முடியாது.

கடைசியாக ஒன்று. தோற்ற போரை மூடிவிட்டு உடனே அடுத்ததற்கு ஓடாதீர்கள். ஒவ்வொரு போரையும் திரும்ப ஓட்டிப் பார்க்கும் வசதி இருக்கிறது. இரண்டாம் சுற்றில் நிறுத்துங்கள். உங்கள் வரிசையில் அதுவரை யார் ஓர் அடிகூட அடிக்கவில்லை என்று பாருங்கள். அடுத்த போரில் அவருடைய இடத்தை மட்டும் மாற்றி ஆடுங்கள்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கும், கேட்டுக்கொண்டிருந்த உங்களுக்கும் நன்றி. வணக்கம்.