வருகை சமீபம்னா வேலையை விட்டுடணுமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

ஒரு சகோதரி கேட்டிருக்காங்க: "கர்த்தருடைய வருகை ரொம்ப சமீபம்னு பிரசங்கத்துல கேட்கும்போதெல்லாம் மனசு பதறுது. ஆபீஸ் வேலையை விட்டுட்டு முழுநேர ஊழியத்துக்கு வந்துடணுமா? பிள்ளைங்க படிப்புக்குச் சீட்டு கட்டுறோம், அது அவிசுவாசமா?"

சகோதரி, இயேசு திரும்ப வரப்போறார்னு கேட்டு அந்தப் பதற்றம் வந்ததே நல்லதுதான். "நித்திரையை விட்டு எழுந்திருக்கத்தக்க வேளையாயிற்று"ன்னு ரோமர் 13:11ல பவுல் சொல்றார். ஆனா அதுக்கு மேல எட்டாவது வசனத்துல இருந்து வாசிச்சுப் பாருங்க. ஒருவரிடத்தில் ஒருவர் அன்புகூருகிற கடனைத் தவிர வேற எந்தக் கடனும் படாதிருங்கன்னு சொல்றார். அந்த அன்பைப் பத்திப் பேசிட்டேதான், நேரமாச்சு, எழுந்திருங்கன்னு வர்றார்.

வேதத்துல கர்த்தர் எதுக்கெல்லாம் நேரம் குறிச்சிருக்கார்னு தேடிப் பாருங்க. வருகைக்குக் குறிச்சுக் கொடுக்கல. அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவர்தான் அறிவார்னு மத்தேயு 24:36ல இருக்கு. ஆனா கோபத்துக்கு நேரம் இருக்கு. சூரியன் அஸ்தமிக்கிறதுக்குள்ள அது தணியணும், எபேசியர் 4:26. கூலிக்கு நேரம் இருக்கு. கூலிக்காரனோட கூலி விடியற்காலம் வரைக்கும் உன் கையில இருக்கக் கூடாது, லேவியராகமம் 19:13. சகோதரனுக்கு உன் பேர்ல குறை இருந்தா காணிக்கையைப் பலிபீடத்துக்கு முன்னாடியே வெச்சிட்டு, முதல்ல போய் ஒப்புரவாகுன்னு இயேசு சொல்றார், மத்தேயு 5:24. பலிபீடம் வரைக்கும் வந்தவனைத் திருப்பி அனுப்புறார், பாருங்க!

இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்றேன். கூடப் பிறந்தவங்களோட வருஷக்கணக்கா பேச்சுவார்த்தை கிடையாது, சொத்துக்காகக் கோர்ட்ல கேஸ் நடக்குது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் "மாரநாதா", அதாவது ஆண்டவரே வாரும்னு கையை உயர்த்துறோம். வீட்டு வேலைக்கு வர்ற அம்மாகிட்ட "சம்பளம் அடுத்த வாரம் தர்றேன்"னு சொல்லிட்டு ஜெபக்கூட்டத்துக்குக் கிளம்புறோம். கையில பொருள் இருக்கும்போது அயலானைப் பார்த்து, போயிட்டு வா, நாளைக்குத் தர்றேன்னு சொல்லாதேன்னு நீதிமொழிகள் 3:28 சொல்லுதே! எனக்கு இது ரொம்ப வேதனை.

வேலை விஷயத்துக்கு வரேன். பவுல் கடிதம் எழுதின தெசலோனிக்கே சபையிலயும் இதே கலக்கம் இருந்தது. கர்த்தருடைய நாள் வந்தே விட்டதுன்னு பேச்சு கிளம்புச்சு. அந்தச் சபையிலயே சிலர் வேலை வெட்டி இல்லாம திரிஞ்சாங்க. வேலை செய்ய மனசில்லாதவன் சாப்பிடவும் கூடாதுன்னு பவுல் கண்டிச்சு எழுதினார். வருகையைப் பத்தி அவ்வளவு எழுதின அந்த மனுஷன் கூடாரம் பண்ணிப் பிழைச்சவர், அதை மறந்துடாதீங்க. பிற்காலத்துல அமெரிக்காவுல வில்லியம் மில்லர்ங்கிற பிரசங்கியாரைப் பின்பற்றினவங்க வருகைக்கு 1844 அக்டோபர் 22ன்னு நாளே குறிச்சாங்க. சில விவசாயிங்க விளைஞ்ச பயிரைக்கூட அறுக்காம விட்டாங்க. அந்த நாளும் வந்துச்சு, போச்சு. எத்தனையோ பேர் மனசு உடைஞ்சு போனாங்க.

சீட்டுப் பணத்தைப் பத்தி சந்தேகமே வேண்டாம். தன் வீட்டாரை விசாரிக்காதவன்தான் விசுவாசத்தை மறுதலிச்சவன், 1 தீமோத்தேயு 5:8. யாக்கோபு தன் நிருபத்துல சொன்ன மாதிரி "ஆண்டவருக்குச் சித்தமானால்"னு சொல்லிக் கட்டுங்க. முழுநேர ஊழியத்துக்குக் கர்த்தர் உங்களை அழைக்கிறார்னா அது பயத்துல எடுக்கிற முடிவா இருக்காது. ஜெபிங்க, வீட்டுக்காரரோட உட்கார்ந்து பேசுங்க, உங்க போதகர்கிட்டயும் கேளுங்க.

"அப்போ சுவிசேஷம் சொல்ல அவசரம் இல்லையா பாஸ்டர்?"னு கேட்பீங்க. ரொம்ப இருக்கு. ஆனா அதுக்கு நீங்க ரிசைன் பண்ண வேண்டியதில்ல. ஆபீஸ்ல உங்க பக்கத்து சீட்ல இருக்கிறவங்களோட அப்பா ஆஸ்பத்திரியில படுத்திருக்கார்னு வைங்க. ஞாயிறு ஆராதனை முடிச்சிட்டுப் போகலாம்னு தள்ளிப் போடாதீங்க. இன்னைக்கு வேலை முடிஞ்சதும் போங்க. பக்கத்துல உட்காருங்க. "ஐயா, உங்களுக்காக ஜெபிக்கட்டுமா?"ன்னு கேளுங்க. சரின்னு சொன்னா, இயேசுவின் நாமத்துல ஜெபிச்சு, அவர் யாருன்னும் அங்கேயே சொல்லிட்டு வாங்க.